வழியில் இருந்த ஊர்: புதுக்கோட்டையும் போக்குவரத்தும்

தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, 1903-ஆம் ஆண்டு முடிவில் எங்கெங்கே ரயில் ஓடியது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். வடக்கே நாகப்பட்டினத்தில் தொடங்கி தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரை ஒரு கோடு. அது 1861-62-லேயே வந்துவிட்டது. மேற்கே திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ஒரு கோடு. அது 1875. தெற்கே மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபத்துக்கு இன்னொரு கோடு, 1902. கிழக்கே மாயவரத்திலிருந்து திருவாரூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று இறங்கி 1903 கடைசியில் அறந்தாங்கியில் வந்து நிற்கும் கோடு.

நான்கு கோடுகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வட்டம் போலத் தெரியும். அந்த வட்டத்துக்குள் ஒரு கோடு கூட இல்லை. அங்கே இருந்ததுதான் புதுக்கோட்டை சமஸ்தானம். 1,179 சதுர மைல் பரப்பு. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சி. சுற்றிலும் ரயில் ஓட, நடுவில் மாட்டு வண்டி!

இன்றைக்கும் போக்குவரத்தில் ஏன் சில மாவட்டங்கள் முன்னால் போகின்றன, சில பின்தங்குகின்றன என்று பேசும்போது, "அங்கே தொழில் இல்லை, அதனால் வசதி வரவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். புதுக்கோட்டையின் கதையைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. அந்த மாவட்டத்துக்கு ரயில் வந்தது, ரோடு வந்தது, பஸ்ஸும் வந்தது. ஆனால் பெரும்பாலும் அவை வேறு யாரோ வேறு எங்கோ போவதற்காக வந்தவை. உள்ளூர்க்காரர் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும் என்ற தேவைக்காக வந்தவை மிகக் குறைவு.

வட்டத்துக்குள் ரயில் ஏன் வரவில்லை?

ஆங்கிலேயர் ரயில் போட்டதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டு போவது, ராணுவத்தை வேகமாக நகர்த்துவது. நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் துறைமுகங்கள். தஞ்சை நெல் விளையும் பூமி. திருச்சியில் ராணுவ முகாம் இருந்தது. இந்தக் கணக்கில் எதிலும் புதுக்கோட்டை வரவில்லை. அது வானம் பார்த்த பூமி. காவிரி பக்கத்திலேயே ஓடினாலும் சமஸ்தானத்து வயல்களுக்குப் பாய்வதில்லை. மழை பெய்தால் கண்மாய் நிரம்பும், கண்மாய் நிரம்பினால் விவசாயம்.

அறந்தாங்கி வரை வந்த பாதையின் கதை இன்னும் சுவாரசியமானது. அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து ரயில்வேக்கென்று தனியாக ஒரு கூடுதல் வரி (செஸ்) வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரம் முதல் முத்துப்பேட்டை வரை 1894-ல் பாதை திறந்தார்கள். பிறகு 1902-ல் பட்டுக்கோட்டை, 1903-ல் அறந்தாங்கி என்று நீட்டினார்கள். ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை ஜில்லா போர்டுக்குச் சொந்தம்.

ஒரு ஜில்லா தன் மக்களிடமே வரி வாங்கி ரயில் போட்டுக்கொண்டது பெரிய சாதனைதான். ஆனால் இதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. வரி அதிகம் வசூலாகும் நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இப்படிச் செய்ய முடியும். காவிரி டெல்டாவில் முடிந்தது. கண்மாயை நம்பிய சமஸ்தானத்தில் அந்த அளவு பணம் திரளவில்லை. பணம் உள்ள இடத்துக்கு வசதி வந்தது, அந்த வசதியால் அங்கே மேலும் பணம் வந்தது. பொருளாதாரப் புத்தகங்களில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. ஊர்ப்பக்கம் "பணம் பணத்தோடதான் சேரும்" என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. அறந்தாங்கி அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. அங்கிருந்து புதுக்கோட்டை நகரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நடுவில் சமஸ்தான எல்லை. ஜில்லா போர்டின் வரிப்பணம் எல்லையோடு நின்றது. தண்டவாளமும் அதோடு நின்றது.

1929: வழியில் ஒரு ஸ்டேஷன்

புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ல். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை முதலில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1930-ல், அது காரைக்குடி வழியாக மானாமதுரை வரை போய்ச் சேர்ந்தது.

இது புதுக்கோட்டை மக்களுக்காகப் போடப்பட்டதா? அந்த ஆண்டுகளில் வேறு என்ன நடந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அதே சமயத்தில்தான் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை (கார்டு லைன்) போட்டு முடித்தார்கள். அதற்கு முன் 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வரை ரயில் போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போக முடிந்தது. சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் 'போட் மெயில்' புகழ் பெற்றது. விழுப்புரம் - திருச்சி குறுக்குப் பாதையையும் திருச்சி - மானாமதுரை பாதையையும் சேர்த்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிறவர் மதுரையைச் சுற்ற வேண்டியதில்லை. நேர்வழி கிடைத்துவிட்டது. அந்த நேர்வழியில் இருந்த ஊர்தான் புதுக்கோட்டை.

வழியில் இருந்தாலும் லாபம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் ஆகிய ஊர்களுக்கு அந்தப் பாதை பெரிய வரம். ஆனால் வழியில் இருக்கும் ஊருக்கு ஒரு பலவீனம் உண்டு. ரயில் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை அந்த ஊரின் தேவை தீர்மானிப்பதில்லை. புறப்படும் ஊரும் போய்ச் சேரும் ஊரும்தான் தீர்மானிக்கின்றன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, இலங்கைக்குப் போகும் அந்த ரயில் - கப்பல் வழி முடிவுக்கு வந்தபோது, இந்தப் பாதையை முக்கியமாக்கிய காரணங்களில் ஒன்று கடலோடு போய்விட்டது. புதுக்கோட்டை செய்த தப்பு எதுவும் அதில் இல்லை.

தலைநகரம் தாலுகா ஆனது

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அப்போது மன்னராக இருந்தவர் ராஜகோபாலத் தொண்டைமான். சமஸ்தானம் முழுவதும் திருச்சி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது.

மன்னராட்சி போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நிர்வாகத்தில் நடந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அதுவரை திவானும், கோர்ட்டும், சட்டசபையும், கஜானாவும் புதுக்கோட்டை நகரத்திலேயே இருந்தன. 1878 முதல் 1894 வரை அங்கே நிர்வாகம் செய்த சேஷய்யா சாஸ்திரி நேர்நேரான வீதிகளோடு திருத்தி அமைத்த ஊர் அது. 1948-க்குப் பிறகு கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருச்சிக்குப் போக வேண்டும். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மனு கொடுக்கப் போனால் அன்றைய பொழுது முழுதும் அதற்கே சரியாகிவிடும்.

26 ஆண்டுகள் இப்படியே ஓடின. 1974 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் அன்று, திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை தனி மாவட்டமாக்கப்பட்டது. மன்னரின் புதிய அரண்மனை கலெக்டர் அலுவலகமானது. தஞ்சாவூரிலிருந்து வந்த அறந்தாங்கியும் இதில் சேர்ந்தது. 1903-ல் தண்டவாளத்தை நிறுத்திய எல்லை இப்போது இல்லை. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர்.

தண்டவாளம் மட்டும் சேரவில்லை.

சந்திப்பது வேறு மாவட்டத்தில்

அறந்தாங்கிப் பாதை 1952-ல் நீட்டப்பட்டது. ஆனால் புதுக்கோட்டைக்கு அல்ல, காரைக்குடிக்கு. அதனால் இன்றும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓடும் இரண்டு ரயில் பாதைகளும் மாவட்டத்துக்குள் எங்கேயும் சந்திப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியில்தான் சந்திக்கின்றன. மாவட்டத் தலைநகரிலிருந்து அதே மாவட்டத்தின் முக்கிய நகரமான அறந்தாங்கிக்கு ரயிலில் போக வேண்டுமானால், அடுத்த மாவட்டத்துக்குப் போய், வண்டி மாறி, ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் சுற்றி வர வேண்டும். யாரும் அப்படிப் போவதில்லை. பஸ்தான்.

மற்ற ஊர்களின் கதை இன்னும் மோசம். மாவட்டத்தில் 12 தாலுகாக்கள் உள்ளன. அவற்றில் கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடி, இலுப்பூர், விராலிமலை, பொன்னமராவதி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஆகிய எட்டு தாலுகா ஊர்களுக்கு ரயில் நிலையமே கிடையாது. தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு ஒரு பாதை வேண்டும் என்பது பல காலமாக இருக்கும் கோரிக்கை. அது இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

இருந்த பாதைகளை அகலப் பாதையாக மாற்றியபோதும் அதே வரிசைதான். மீட்டர்கேஜ் பாதைகளை அகலமாக்கும் பெரிய திட்டம் 1992-ல் தொடங்கியது. திருச்சி - மதுரை போன்ற முக்கியப் பாதைகள் 1990-களின் முடிவிலேயே மாறிவிட்டன. திருச்சி - புதுக்கோட்டை - மானாமதுரை பாதைக்கு 2007-08-ல்தான் முறை வந்தது. அறந்தாங்கிப் பாதையில் 2012-ல் ரயிலை நிறுத்தினார்கள். காரைக்குடி - பட்டுக்கோட்டை அகலப் பாதை திறக்கப்பட்டது 2018-ல். ஆறு ஆண்டுகள் அறந்தாங்கி ஸ்டேஷனுக்கு ரயிலே வரவில்லை. ஆறாம் வகுப்பில் இருந்த பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் காலம் அது!

அதன் பிறகாவது வேகமாக ஓடியதா? 2019-ல் திருவாரூர் - காரைக்குடி இடையே ரயில் விட்டார்கள். சுமார் 150 கிலோமீட்டர் தூரம். எடுத்துக்கொண்ட நேரம் ஆறு மணி நேரத்துக்கும் மேல். காரணம் என்ன தெரியுமா? லெவல் கிராசிங்குகளில் கேட் கீப்பர்கள் நியமிக்கப்படவில்லை. ரயிலிலேயே கேட் கீப்பர்கள் வருவார்கள். கிராசிங் வந்ததும் ரயில் நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் கடந்து போய் மறுபடியும் நிற்கும். இன்னொருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். வழி நெடுக இதே கதை. கோடிக்கணக்கில் செலவழித்து அகலப் பாதை போட்ட பிறகு, கேட்டுக்கு ஆள் போடாததால் சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாக ரயில் ஓடியது. மணிக்கு 25 கிலோமீட்டர்!

கட்டுமானம் வேறு, சேவை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. பாதை போட்டதாகக் கணக்கு எழுதிவிடலாம். பயணம் செய்கிறவருக்கு அந்தக் கணக்கால் என்ன லாபம்?

பின்னர் 2023 ஏப்ரலில் தாம்பரம் - செங்கோட்டை ரயிலும், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது ராமேஸ்வரம் - தாம்பரம் ரயிலும் இந்தப் பாதை வழியாக விடப்பட்டன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இவையும் நெடுந்தூர ரயில்கள். 1930-ல் எப்படியோ அப்படியே இப்போதும், பெரிய ஊர்கள் இரண்டுக்கு நடுவே 'வழியில்' இருப்பதால் கிடைத்தவை.

பஸ் வந்தது, ஆனால்...

ரயில் இல்லாத இடத்தை நிரப்பியது பஸ். இதில் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட நன்றாகவே செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1972 முதல் பஸ் ரூட்டுகள் படிப்படியாக அரசுடைமையாகி, பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. 1997-ல் அந்தப் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் வந்தது. இன்று புதுக்கோட்டை, கும்பகோணம் கோட்டத்தின் கீழ் ஒரு மண்டலம்.

அரசு பஸ்ஸில் ஒரு நல்ல கணக்கு உண்டு. லாபம் தரும் ரூட்டில் வரும் பணத்தைக் கொண்டு நஷ்டம் தரும் கிராம ரூட்டை ஓட்டுவது. தனியார் முதலாளி இதைச் செய்ய மாட்டார். ஆனால் கழகமே நஷ்டத்தில் ஓடும்போது இந்தக் கணக்கு தடுமாறுகிறது. டிரைவர் வரவில்லை, வண்டி ரிப்பேர் என்றால் எந்த டிரிப் முதலில் நிற்கும்? திருச்சி பஸ் நிற்காது. நாளைக்கு மூன்று முறை மட்டும் போகும் கிராமத்து டவுன் பஸ்தான் நிற்கும். நகரத்தில் ஒரு பஸ் வராவிட்டால் பத்து நிமிடம் தாமதம். கிராமத்தில் ஒரு டிரிப் வராவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, சந்தை இல்லை.

புதுக்கோட்டை போன்ற மாவட்டத்துக்கு இது ஏன் அதிகம் வலிக்கிறது? 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை சுமார் 16 லட்சம். ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். ஒரே இடத்தில் கூட்டமாக இல்லாமல் சிறுசிறு ஊர்களாகச் சிதறி இருக்கிறார்கள். நகரத்தில் ஒரு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறும் கூட்டம் இங்கே பத்து கிலோமீட்டர் ஓடினாலும் ஏறாது. கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்று அளந்தால் இந்த ஊர்கள் எப்போதும் தோற்றுக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு லட்சம் பெண்கள், சொந்தச் சக்கரம்

இந்த வரலாற்றில் புதுக்கோட்டை தனக்காகத் தானே செய்துகொண்ட போக்குவரத்துப் புரட்சி ஒன்று உண்டு. அதற்கு ரயில்வே பட்ஜெட் தேவைப்படவில்லை. பஸ் பெர்மிட் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு சைக்கிள்.

1991-ல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தீவிரமாக நடந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு சொல்லித்தர ஊர் ஊராகப் போக வேண்டிய தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊருக்கு ஊர் பஸ் இல்லை. இருக்கும் பஸ்ஸும் இரவு வகுப்பு முடியும் நேரத்தில் வராது. அதனால் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதே இயக்கத்தின் ஒரு பகுதியானது. அதற்கென்று பாட்டுகூட எழுதப்பட்டது. 'அ, ஆ' கற்றுக்கொண்ட கையோடு பெண்கள் ஹேண்டில்பாரையும் பிடித்தார்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துக்கு வந்து இதைப் பற்றி எழுதினார். சுமார் பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதாக அவர் பதிவு செய்கிறார். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமப் பெண்களில் நான்கில் ஒருவர்! லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனதால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அசிங்கமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் நிறுத்தவில்லை. 1992-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. சாய்நாத்தின் அந்தக் கட்டுரை பிற்பாடு வட இந்தியப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. டெல்லிக் குழந்தைகள் புதுக்கோட்டை என்ற பெயரை அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

இதை எல்லோரும் பெண் விடுதலைக் கதையாகச் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் அது ஒரு போக்குவரத்துக் கதையும்கூட. சைக்கிள் வருவதற்கு முன் ஒரு பெண் பஸ் ஸ்டாப் வரை போவதற்கே அப்பாவையோ அண்ணனையோ கணவரையோ எதிர்பார்க்க வேண்டியிருந்தது. போன பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். காய்கறி விற்கப் போகிறவர் ஒரு ஊரில் விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போக நினைத்தால் பாதிப் பொழுது காத்திருப்பதிலேயே போய்விடும். சைக்கிள் வந்ததும் அந்தக் காத்திருப்பு குறைந்தது. அதனால் வருமானம் கூடியது என்பதை சாய்நாத்தும் குறிப்பிடுகிறார்.

அந்தக் காத்திருப்பு நேரம் அதுவரை எந்த அரசாங்கக் கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை. பஸ் விடாததால் கழகத்துக்கு மிச்சமான பணம் கணக்கில் வந்தது. பஸ் வராததால் அந்தப் பெண் இழந்த இரண்டு மணி நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

பின்னாளில் பள்ளி மாணவர்களுக்கு இலவச சைக்கிள் தரும் திட்டம் தமிழ்நாடு முழுதும் வந்தது. முதலில் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு, பிறகு 2005-06 முதல் எல்லா மாணவ மாணவியருக்கும். நல்ல திட்டம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சைக்கிளைப் பாராட்டிவிட்டு, "அதான் சைக்கிள் இருக்கிறதே" என்று பஸ்ஸை மறந்துவிட்டால் அது நியாயமில்லை. பிரசவ வலி எடுத்தவரையும் எழுபது வயதுப் பாட்டியையும் இருபது கிலோமீட்டர் சைக்கிளில் அனுப்ப முடியாது.

கணக்குப் போடும் விதம்

இந்தியாவில் புதிய ரயில் பாதை போட வேண்டுமானால், போட்ட முதலுக்கு இவ்வளவு வருவாய் வர வேண்டும் என்று ஒரு அளவுகோல் உண்டு. நெடுங்காலம் அது 14 சதவீதமாக இருந்தது. முதல் பார்வைக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. மக்கள் பணத்தை வீணாக்கக் கூடாது அல்லவா?

சிக்கல் எங்கே என்றால், வருவாயை மதிப்பிடும்போது இப்போது இருக்கும் போக்குவரத்தையும் வியாபாரத்தையும் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். பாதை இல்லாததால் தொழில் வரவில்லை. தொழில் இல்லாததால் சரக்கு இல்லை. சரக்கு இல்லாததால் வருவாய் காட்ட முடியவில்லை. வருவாய் காட்ட முடியாததால் பாதை இல்லை. சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுகிறது. பின்தங்கிய பகுதி என்பதற்காக விதிவிலக்காகச் சில பாதைகளுக்கு அனுமதி கிடைப்பதுண்டு. ஆனால் அப்படி அனுமதி வாங்க யாராவது டெல்லியில் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. பிரிட்டனில் 1963-ல் பீச்சிங் என்பவர் ரயில்வே நஷ்டத்தைக் குறைக்க ஓர் அறிக்கை கொடுத்தார். 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது அந்த அறிக்கை. பெரும்பாலும் கிராமத்துக் கிளைப் பாதைகள். ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் அந்தக் கிளையில் ஏறியவர்தான் பெரிய பாதையிலும் பயணம் செய்தார். கிளையை வெட்டியதும் அவர் கார் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கவில்லை. கார் வாங்க முடியாதவர் வீட்டோடு நின்றார். பல ஆண்டுகள் கழித்து, மூடிய பாதைகளில் சிலவற்றை மறுபடியும் செலவு செய்து திறக்க வேண்டி வந்தது.

கேட்பதற்கு யார்?

டெல்லியில் கேட்க ஆள் வேண்டும் என்றோமே, அங்கேயும் புதுக்கோட்டைக்கு ஒரு இழப்பு நேர்ந்தது. 1951-52 முதல் பொதுத்தேர்தலிலிருந்து இருந்துவந்த புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி 2008 தொகுதி மறுசீரமைப்பில் நீக்கப்பட்டது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. விராலிமலை கரூருக்கு.

நான்கு எம்.பி.க்கள் கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நான்கு பேருக்கும் புதுக்கோட்டை ஓர் ஓரம்தான். திருச்சி எம்.பி.க்குத் திருச்சி நகரம் முக்கியம். கரூர் எம்.பி.க்கு விராலிமலை ஆறில் ஒரு பங்கு. புதுக்கோட்டை - அறந்தாங்கி இணைப்பு என்று ஒரு கோரிக்கை வைத்தால் அது இரண்டு எம்.பி.க்களின் எல்லையில் வருகிறது. இந்தக் கோபத்தில் 2009 தேர்தலில் இங்கே பலர் வாக்குச்சாவடிக்குப் போய், யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று 49-ஓ விதியின்படி பதிவு செய்தார்கள். 1903-ல் ஒரு நிர்வாக எல்லை தண்டவாளத்தை நிறுத்தியது. நூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு எல்லை, கேட்கும் குரலை நான்காகப் பிரித்துவிட்டது.

இனி?

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தால் நாடெங்கும் கிராமங்களுக்குத் தார்ச்சாலை வந்தது. 2017-ல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய வைத்தியம் என்றாலே தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டிய நிலை குறைந்தது. பயணத்தைக் குறைப்பதும் ஒரு வகைப் போக்குவரத்து முதலீடுதான். 2021 மே மாதம் முதல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 1997-ல் வந்த மினி பஸ் திட்டம் விரிவுபடுத்தப்பட்டு 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால் இலவசப் பயணத்தின் பலன் பஸ் வரும் ஊருக்குத்தான். ஒரு நாளைக்கு ஐம்பது பஸ் போகும் சாலையில் இருக்கும் பெண்ணுக்கு ஐம்பது வாய்ப்பு. மூன்று டிரிப் வரும் ஊரில் இருக்கும் பெண்ணுக்கு மூன்றே வாய்ப்பு. ஒரே திட்டம், ஒரே சட்டம், கிடைப்பது மட்டும் வேறு. தார்ச்சாலை போட்டாயிற்று என்று திருப்திப்பட்டுக்கொள்ளும்போதும் அதில் எத்தனை பஸ் ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

நூற்றைம்பது ஆண்டுக் கதையில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். எத்தனை மைல் தண்டவாளம், எத்தனை கிலோமீட்டர் சாலை, கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்றுதான் அளந்து வந்திருக்கிறார்கள். கறம்பக்குடியில் இருக்கும் ஒருவர் காலையில் கிளம்பினால் கலெக்டர் ஆபீஸுக்கோ காலேஜுக்கோ போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிறதா, வழியில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று யாரும் அளக்கவில்லை. அப்படி அளந்திருந்தால் அறந்தாங்கி ரயிலுக்குக் கேட் கீப்பர் போடுவதற்கு இவ்வளவு நாள் ஆகியிருக்காது.

1991-ல் சைக்கிள் ஏறிய பெண்கள் யாரும் அறிக்கை எழுதவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த விலையைச் சைக்கிள் வாங்கிய காசாக அவர்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். டெல்டாவின் பாதைக்கு வரி கட்டியவர்களுக்கு ரயில் கிடைத்தது. இவர்களுக்கு அந்தச் சைக்கிளோடு சரி. மீதிப் பாக்கி இன்னும் அரசாங்கத்தின் பக்கம்தான் இருக்கிறது.